எழுத்தின் மூன்றாம் வடிவம்

எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கம். கடலூரிலிருந்து பண்ணுருட்டிக்குச் செல்லும் வழியில், நெல்லிக்குப்பத்தைக் கடந்து சென்றால் எங்கள் ஊரை அடையலாம். வடக்கே தென்பெண்ணை ஆறு. சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளையும் வயல்கள். ஊர் சிறிது, ஆயினும் அதன் நாவில் வாழ்ந்த பாட்டுகளோ பல. நாற்று நடுவோர்க்கு ஒரு பாட்டு, ஏற்றம் இறைப்போர்க்கு ஒரு பாட்டு, தொட்டில் ஆட்டுவோர்க்கு ஒரு பாட்டு என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பாட்டு இருந்தது. என் தாயைப் பெற்ற பாட்டி நடவுப் பாட்டில் வல்லவர். சேற்றில் வரிசையாக நிற்கும் பெண்டிர்க்கு அவர் முதலடியை எடுத்துக் கொடுப்பார். அனைவரும் குனிந்த தலை நிமிராமல் அதைத் தொடர்வர். பாட்டு நின்றால் நடவும் நிற்கும்.

எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் அப்பாட்டுகளில் ஆழ்ந்த பற்றுடையவர். பள்ளி விடும் வேளையில் குறிப்பேடும் கையுமாக வரப்பின்மீது வந்து அமர்வார். அவர்கள் பாடப் பாட எழுதிக்கொள்வார். ஒரு சொல் விளங்காவிட்டால், வேலை முடியும்வரை காத்திருந்து கேட்பார். பாட்டி அவரைப் பார்த்து நகைப்பார். “பாடுவதற்கு வாய் இருக்கும்போது எழுதுவதற்கு ஏட்டைத் தேடுகிறாரே!” என்பார். ஆசிரியர் விடை கூறமாட்டார், எழுதிக்கொண்டே இருப்பார். இவ்வாறு பல ஆண்டுகளில் ஏழு குறிப்பேடுகள் நிறைந்தன.

அவற்றை நூலாக்க வேண்டும் என்பது அவருடைய பெருவிருப்பம். அப்போது நான் கடலூரில் கணிப்பொறியால் அச்சுக் கோக்கும் தொழிலில் இருந்தேன். 1997ஆம் ஆண்டில் ஏழு குறிப்பேடுகளையும் என்னிடம் கொடுத்து, “தம்பி, உன் பாட்டியின் பாட்டும் இதில் இருக்கிறது. பிழையின்றிக் கோத்துத் தா” என்றார். இரவுகளில் அமர்ந்து அனைத்தையும் தட்டெழுதி முடித்தேன். மாதிரிக்காக ஒரே ஒரு பக்கத்தைத் தாளில் எடுத்து அவரிடம் காட்டினேன். அவர் சிவப்பு மையால் நான்கு இடங்களில் திருத்தினார். “இன்னும் சில ஊர்ப் பாட்டுகள் சேர வேண்டும்; பொறுத்து அச்சிடுவோம்” என்றார். பொறுத்தோம். ஆண்டுகள் சென்றன. பாட்டி மறைந்தார், பின்னர் ஆசிரியரும் மறைந்தார். குறிப்பேடுகள் அவருடைய ஓட்டு வீட்டின் பரண்மீது இருந்தன.

2011ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் ‘தானே’ புயல் எங்கள் மாவட்டத்தைத் தாக்கியது. பலா மரங்களும் முந்திரி மரங்களும் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன. ஆசிரியர் வீட்டு ஓடுகளும் சிதறின. நாங்கள் சென்று பார்த்தபோது ஏழு குறிப்பேடுகளும் நீரில் ஊறிக் கூழாகிக் கிடந்தன. மையெல்லாம் கரைந்து தாளில் நீலமாகப் படிந்திருந்தது. ஆசிரியரின் மனைவியார் கண்கலங்கி நின்றார். நான் அவரைத் தேற்றி, “கவலற்க அம்மா! அனைத்தும் என் கணிப்பொறித் தட்டில் உள்ளன, நூறு படிகள் வேண்டினும் எடுக்கலாம்” என்றேன். எவ்வளவு உறுதியாகச் சொன்னேன்! அவ்வுறுதியை இன்று நினைத்தாலும் நாணம் உண்டாகிறது.

வீட்டிற்கு வந்து தட்டை எடுத்துப் புதிய கணிப்பொறியில் இட்டேன். கோப்பு திறந்தது. ஆனால் அங்கே தமிழ் இல்லை! ஆங்கில எழுத்துகளும், அவற்றின் தலைமேல் கோடும் கொக்கியும் ஏறிய ஐரோப்பிய எழுத்துகளும், நாணயக் குறிகளும், புள்ளிகளும் பக்கம் பக்கமாக நிறைந்திருந்தன. அன்று பயன்படுத்திய எழுத்துருவை விற்ற நிறுவனம் இப்போது இல்லை; பழைய பொறியும் பழுதாகிப் போயிற்று. என் விரல்கள் தமிழ் விசைகளை மறக்கவில்லை. ஆயின் விசைக்கும் திரைக்கும் இடையே நின்று வேலை செய்த நிரல் மறைந்துபோயிற்று. பாட்டியின் குரல் என் கையில் இருந்தும் அதைக் கேட்க இயலாதவனாய் அமர்ந்திருந்தேன்.

இஃது எவ்வாறு நேர்ந்தது? இதனை அறிய வேண்டுமாயின், எழுத்து என்பது யாது என்று முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

என் தந்தையாரும் அச்சுக் கோப்பவரே. அவர் காலத்தில் எழுத்து என்பது கையில் எடுக்கத்தக்க ஒரு பொருள். ஈயக் கலவையில் வார்த்த சிறு துண்டின் நுனியில் எழுத்து தலைகீழாக, இடம் வலமாக மாறி நிற்கும். மரப்பெட்டியின் சிற்றறைகளில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே கிடக்கும். தந்தையார் பெட்டியைப் பார்க்கமாட்டார். அவர் கண் கைப்படியில் இருக்கும். கை தானாகச் சென்று வேண்டிய எழுத்தை எடுத்துவரும். 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டபோது ணா, றா, னா, லை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் பழைய வளைவுகள் நீங்கின. அவ்வெழுத்துகளைத் தந்தையார் பெட்டியிலிருந்து பொறுக்கி உருக்குவதற்கு எடுத்து வைத்ததைச் சிறுவனாயிருந்த நான் கண்டிருக்கிறேன். ஈய எழுத்துக்கும் முதுமையும் மறைவும் உண்டு. ஆனால் அதைக் கொண்டு அச்சிட்ட தாள், அந்த எழுத்து உருகிப் போன பின்னும் வாசிக்கத்தக்கதாகவே இருக்கும்.

தமிழ் எழுத்து ஈயத்தில் ஏறிய வரலாறு நெடியது. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கச் சிறுநூல் அச்சாயிற்று. இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறியதற்கு அதுவே முதற்சான்று. எங்கள் மாவட்டத்திற்குத் தெற்கே, கொள்ளிடத்திற்கு அப்பால் உள்ள தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு ஐயர், செருமனி நாட்டு ஆல்லே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளை வரவழைத்தார். அவ்வெழுத்துகள் உருவிற் பெரியனவாய் இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே அருகிலுள்ள பொறையாற்றிலேயே சிறிய எழுத்துகளை வார்க்கச் செய்தனர். புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் 1715இல் அங்கே முற்றுப்பெற்று வெளிவந்தது. கொல்லத்து எழுத்துக்கும் தரங்கம்பாடி எழுத்துக்கும் உருவத்தில் வேறுபாடு உண்டு. ஆயினும் இரண்டையும் தமிழறிந்தவர் தமிழாகவே கண்டனர். உருவம் மாறலாம், தாளில் பதிந்த ‘க’ எங்குச் சென்றாலும் ‘க’வே அன்றோ?

கணிப்பொறியின் இயல்பு வேறு. அதன் வயிற்றில் எழுத்து என்று ஒன்றும் இல்லை, எண்களே உள்ளன. நாம் ஒரு விசையைத் தட்டினால் அஃது ஓர் எண்ணைச் சேமித்துக்கொள்ளும். அவ்வெண்ணைத் திரையில் காட்டும்போது, ‘இந்த எண்ணுக்கு என்ன படம்?’ என்று எழுத்துருவைக் கேட்கும். எழுத்துரு எந்தப் படத்தைக் கொடுக்கிறதோ அதையே வரையும். தொடக்கத்தில் இவ்வெண்கள் ஆங்கிலத்திற்காகவே வகுக்கப்பட்டன. பின்னர் 256 இருக்கைகள் உள்ள ஒரு மண்டபம்போல் விரிந்தபோதும், முதல் 128 இருக்கைகள் ஆங்கிலத்திற்கே உரியனவாய் இருந்தன. தமிழுக்கு இருக்கை இல்லை. எனவே நம்மவர் ஓர் உபாயம் செய்தனர். எண்களை அப்படியே விட்டுவிட்டு, எழுத்துருவில் உள்ள படங்களை மட்டும் தமிழாக மாற்றினர். ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் எழுத்து வேடமிட்டு அமர்ந்தது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். பாமினி என்னும் எழுத்துருவை ஈழத் தமிழரும் பிறரும் பரவலாக வழங்கினர். அவ்வெழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல், ஆங்கிலத்தின் ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்படும். அவற்றின் எண்கள் 106, 107, 112, 111, 59. எழுத்துரு உள்ளவரை அது தமிழ். எழுத்துருவை நீக்கினால் பொருளற்ற ஆங்கிலக் குவியல். பாமினியின் இருக்கை வரிசை பலரும் அறிந்தது. ஆதலின் அதில் எழுதியவற்றை மீட்பது எளிது. ஆனால் அக்காலத்தில் அச்சகந்தோறும் ஒரு வரிசை, நிறுவனந்தோறும் ஒரு வரிசை என்று எழுத்துருக்கள் பெருகின. ஒருவர் எழுதியதை மற்றொருவர் திறக்க இயலவில்லை.

இக்குறையைத் தமிழர் உணராமல் இல்லை. உலகின் பல நாடுகளில் வாழ்ந்த தமிழ் ஆர்வலர்கள் இணையத்தின் வழியே கூடிப் பேசித் ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற ‘தமிழ்இணையம் 99’ மாநாட்டின் பயனாகத் ‘தாம்’, ‘தாப்’ என்னும் குறியீடுகளும் ‘தமிழ் 99’ விசைப்பலகையும் உருவாயின. இவற்றிற்கு முன்னரே, 1991இல், உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு என்னும் ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கு 128 இருக்கைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. அதில் ‘அ’வின் எண் 2949, ‘க’வின் எண் 2965. அவ்வெண்கள் வேறு எம்மொழிக்கும் உரியன அல்ல. 2010ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழக அரசு ஒருங்குறியைத் தமிழுக்குரிய குறியீடாக ஏற்றது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் ‘டேஸ் 16’ என்னும் குறியீட்டையும் உடன் ஏற்றது. எல்லாம் நன்றே. ஆனால் என் கோப்பு 1997ஆம் ஆண்டினது; அதன் இருக்கை வரிசையோ யாரும் அறியாதது.

வழி தெரியாமல் இருந்த எனக்கு எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வழி பிறந்தது. எங்கள் ஊர், டென்மார்க்கு நாட்டுச் சமயத் தொண்டர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து பணியாற்றிய ஊர். பணி ஓய்வு பெற்ற போதகர் ஒருவர் பழைய திருச்சபைகளைப் பற்றித் தமிழில் ஒரு நூல் எழுதி, அச்சுக் கோக்க என்னிடம் தந்தார். அதில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் முதல் தொடரைக் காப்டிக் மொழியில் கொடுத்திருந்தார். காப்டிக் என்பது பண்டை எகிப்திய மொழியின் இறுதி வடிவம். கிரேக்க எழுத்துகளோடு, எகிப்தியருக்கே உரிய சில ஒலிகளைக் குறிக்க அவர்களுடைய பழைய எழுத்திலிருந்து எடுத்த ஆறு ஏழு எழுத்துகளையும் சேர்த்து அதனை எழுதினர். நாளடைவில் அரபு மொழி பரவ, காப்டிக் பேச்சு வழக்கிலிருந்து மறைந்தது. எகிப்தியத் திருச்சபையின் வழிபாட்டில் மட்டும் அஃது இன்றும் ஒலிக்கிறது.

போதகருடைய கணிப்பொறியில் அத்தொடர் அழகாகத் தெரிந்ததாம். என் திரையிலோ அது கிரேக்கமாக நின்றது! எகிப்தியருக்கே உரிய எழுத்துகள் வெறுங்கட்டங்களாய்க் காட்சியளித்தன. சில எழுத்துகளின் மேல் இருக்க வேண்டிய சிறு கோடுகள் விலகி, இரண்டு எழுத்துகளுக்கு இடையே தொங்கின. உயிரெழுத்து எழுதப்படாத இடத்தில் மெய்யெழுத்துத் தானே அசையாக ஒலிக்கும் என்பதைக் காட்ட அக்கோட்டை இடுவது தென் எகிப்தின் பழைய வழக்கம். கோடு இடம்பெயர்ந்தால் படிப்பும் இடம்பெயரும். நம் புள்ளி ஓர் எழுத்துத் தள்ளி விழுந்தால் ‘கண்’ என்பது கெடுவதில்லையா? அதுபோலத்தான்.

காரணத்தைத் தேடிச் சென்றேன். ஒருங்குறியின் தொடக்க காலத்தில் காப்டிக் மொழிக்குத் தனி இருக்கைகள் இல்லை. எகிப்தியருக்கே உரிய எழுத்துகளுக்கு மட்டும் தனி எண்கள் இருந்தன. ஏனைய எழுத்துகள் கிரேக்கத்தின் எண்களிலேயே அமர்ந்தன. காப்டிக் எழுத்துருவை அணிந்தால் காப்டிக், கழற்றினால் கிரேக்கம். இரண்டு மொழிகளையும் ஒரே பக்கத்தில் எழுதும் அறிஞர் இதனால் இடர்ப்பட்டனர். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் 4.1ஆம் பதிப்பில் காப்டிக் மொழிக்குத் தனிப்பகுதி கிடைத்தது. கிரேக்க ‘ஆல்பா’வின் எண் 945, காப்டிக் ‘ஆல்பா’வின் எண் 11393. போதகரின் தொடர் பழைய முறையில் எழுதப்பட்டது. அதைப் புதிய எண்களில் எழுதி, மேற்கோட்டை உரிய இடத்தில் நிறுத்தவல்ல எழுத்துருவையும் தேடி இட்டேன். தொடர் தன் உண்மை உருவில் எழுந்து நின்றது. எண்ணும் சரியாக இருத்தல் வேண்டும். எழுத்துருவும் தகுதியுடையதாக இருத்தல் வேண்டும். ஒன்று உயிர், ஒன்று உடல்.

அந்தப் பக்கத்தைக் கண்டு மகிழ்ந்த போதகர், காப்டிக் மொழி செய்த பேருதவி ஒன்றையும் எனக்கு எடுத்துரைத்தார். எகிப்தின் பழைய சித்திர எழுத்தைப் படிக்கவல்லார் உலகில் ஒருவரும் இல்லாதிருந்த காலத்தில், 1799இல், ரொசெட்டா என்னும் ஊரில் ஒரு கல் கிடைத்தது. ஒரே செய்தி சித்திர எழுத்திலும், மக்கள் வழங்கிய எழுத்திலும், கிரேக்கத்திலும் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. சாம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் காப்டிக் மொழியை நன்கு கற்றவர். கிரேக்கப் பகுதி பொருளைத் தந்தது. காப்டிக் ஒலியைத் தந்தது. இரண்டையும் துணைகொண்டு 1822இல் அவர் சித்திர எழுத்தின் மறைபொருளை வெளிப்படுத்தினார். போதகர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் உள்ளம் வேறிடத்திற்குப் பறந்துவிட்டது. ஒரே செய்தி இரு வடிவில் கிடைத்தால் மறைந்த எழுத்தையும் மீட்கலாம் அல்லவா? ஆசிரியர் சிவப்பு மையால் திருத்திய அந்த ஒரு பக்கம்! அஃது எங்கே?

வீடு முழுவதும் தேடினேன். தந்தையாரின் பழைய தகரப் பெட்டியில், அவர் நினைவாக வைத்திருந்த சில ஈய எழுத்துகளின் அடியில் அத்தாள் மடிந்து கிடந்தது. அதைக் கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சியை என்னென்பேன்! என் தமக்கையின் மகள் கணிப்பொறிக் கல்வி கற்றவள். தாளையும் கோப்பையும் அவளிடம் கொடுத்தேன். “மாமா, முதலில் இந்தப் பக்கம் கோப்பில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமே!” என்றாள். அப்பாட்டின் ஒவ்வோர் அடியும் ஒரே விளிச்சொல்லில் முடிவது. ஆகவே அடிதோறும் ஒரே குறித்தொடர் திரும்பி வரும் இடத்தைத் தேடினோம். மூன்றாம் நாள் கிடைத்தது. பின்னர்த் தாளில் உள்ள எழுத்தையும் கோப்பில் உள்ள குறியையும் ஒன்றுக்கொன்று நேராக வைத்து அட்டவணை எழுதினோம். அப்பக்கத்தில் வாராத எழுத்துகளைப் பிற பாட்டுகளில் உள்ள சொற்களைக் கொண்டு உணர்ந்தோம். ‘?ாயிறு’ என்று நின்றால் விடுபட்டது ‘ஞ’ என்பதை அறிய அகராதி வேண்டுமோ?

ஆயினும் வேலை அத்துடன் முடியவில்லை. பழைய எழுத்துரு, கண் காணும் வரிசையில் எழுதுவது. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே தெரிவதால், கொம்பை முன்னே எழுதிக் ககரத்தைப் பின்னே எழுதும். என் தந்தையாரும் ஈயத்தில் அவ்வாறே கோத்தார். ஒருங்குறியோ காது கேட்கும் வரிசையில் எழுதுவது. ககரம் முன், எகரக் குறி பின். திரையில் காட்டும்போது எழுத்துருவே கொம்பை முன்னே கொண்டுவந்து நிறுத்தும். ஆதலின் கொம்புகளையெல்லாம் இடம் மாற்றினோம். அடுத்து ஔகாரம் வந்தது. ‘வௌவால்’ என்பதன் ஔகாரக் குறியும் ளகர எழுத்தும் பழைய எழுத்துருவில் ஒன்றே. ‘கொம்பு, ஓர் எழுத்து, ளகரம் என மூன்றும் தொடர்ந்து வந்தால் ஔகாரமாகக் கொள்க’ என்று மருமகள் விதி எழுதினாள். வௌவால் பிழைத்தது. ஆனால் ‘வெளி’யும் ‘தெளிவு’ம் ‘கெளிறு’ என்னும் மீனும் உருக்குலைந்தன! வௌவாலைக் காக்க எழுந்த விதி வெளியையே விழுங்கிவிட்டது. ‘ளகரத்தை அடுத்து உயிர்க்குறி வருமாயின் அதனை ளகரமாகவே கொள்க’ என்று விதியைத் திருத்தினோம். எஞ்சிய ஐயங்களை வரி வரியாகக் கண்ணால் பார்த்து நீக்கினோம். ஏறத்தாழ ஒரு திங்கள் சென்றது.

இறுதியில் ஒரு மாலைப் பொழுதில் திரை முழுவதும் தமிழ் நிறைந்தது. பாட்டியின் நடவுப் பாட்டைத் தேடி எடுத்து என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாம் அடிக்கு மேல் நான் படிக்க வேண்டியதில்லை. அவரே மெல்லிய குரலில் பாடத் தொடங்கிவிட்டார். வயலில் பாய்ந்த புதுநீரில் கெளிறு துள்ளுவதைப் பாட்டு வருணிக்கிறது. அடுத்த அடியில் ‘குரவை’ என்று இருந்தது. நான் படிப்பதை நிறுத்தி, “அம்மா, நடவு வயலில் குரவைக் கூத்து எதற்கு?” என்று கேட்டேன். அவர் நகைத்தார். “கூத்து ஏதப்பா? அது மீன். கெளிறும் குறவையும் சேற்று நீரில் சேர்ந்துதானே ஓடும்!” என்றார்.

நான் நாணித் தலை கவிழ்ந்தேன். ஆசிரியர் எழுதிய ‘குறவை’ என்னும் வல்லின றகரத்தை, 1997இல் இரவுத் தூக்கத்தில் நான்தான் இடையின ரகரமாகத் தட்டியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பேச்சில் இவ்விரண்டு ஒலிகளுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. பொருளை அறிந்தவரே பிழையை அறிவர். கணிப்பொறி என் பிழையைப் பதினைந்து ஆண்டுகளாக ஒரு புள்ளியும் குறையாமல் காத்து வைத்திருந்தது! எண்ணுக்கு மெய்யும் பிழையும் ஒன்றே. வரப்பில் அமர்ந்த ஆசிரியர் ஏன் ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருந்து பொருள் கேட்டார் என்பது அன்றுதான் எனக்கு முழுதும் விளங்கிற்று.

எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என்னும் இரண்டு வடிவங்களை நம் இலக்கணம் கூறுகிறது. நம் காலத்தில் எண்வடிவம் என்னும் மூன்றாம் வடிவமும் அதனோடு சேர்ந்துள்ளது. அது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேளாது, ஆயினும் நாம் எழுதுவனவெல்லாம் அதிலேயே உறைகின்றன. திரையில் தமிழ் தெரிகிறது என்பதால் உள்ளேயும் தமிழ் இருக்கிறது என்று நம்பி நான் ஏமாந்தேன். எழுதுவதைப் பலரும் ஏற்ற பொதுக் குறியீட்டில் எழுதுவோமாயின், எழுத்துரு மறைந்தாலும் எழுத்து மறையாது. ஒரு படியைத் தாளிலும் எடுத்து வைப்போமாயின், அஃது ஒருநாள் ரொசெட்டாக் கல்லாகவும் உதவும்.

ஆனால் இவையனைத்தினும் முந்தியது ஒலிவடிவம். காப்டிக் எழுத்துக்கு இன்று தனி எண்கள் உண்டு. தகுந்த எழுத்துருவும் உண்டு. அம்மொழியில் தாலாட்டுப் பாட ஒரு தாய் இல்லை. நமக்கோ, எழுத்தில் பிழை நேர்ந்தால் நகைத்துத் திருத்தும் தாய்மார் இன்னும் இருக்கின்றனர். மாணவர்களே, உங்கள் வீட்டிலும் பாட்டறிந்த முதியோர் இருப்பர். அவர் அருகில் அமர்ந்து கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள், எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள்.

ஆசிரியரின் தொகுப்பைத் திருத்தி முடித்து, முதற்படியை அவருடைய மனைவியார் கையில் கொடுத்தேன். அதில் குறவை மீன் தன் றகரத்தோடு நீந்திக்கொண்டிருந்தது.